சட்டையில் என்ன எழுதியிருக்கிறது?

தை மாத ஆற்றுத் திருவிழாவுக்கு ஒரு வருஷம் என் மகனுக்குப் புது டி-ஷர்ட் போட்டு அழைத்துப் போனேன். ரோட்டோரக் கடையில் வாங்கியது. மார்பில் பெரிசு பெரிசாக இங்கிலீஷ் எழுத்து. தென்பெண்ணை மணலில் சாமி கும்பிட்டு நிற்கும்போது, காலேஜ் படிக்கிற பக்கத்து வீட்டுப் பெண் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா, முதல்ல தம்பி சட்டையைத் திருப்பிப் போட்டு விடுங்க" என்றாள். அர்த்தத்தைக் கேட்டதும் எனக்கு உடம்பே கூசிப் போயிற்று. நான் பத்தாவது வரை படித்தவள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். படிக்கணும் என்று தோன்றவில்லையே, அதுதான் தப்பு.

இந்த ஞாபகம் மறுபடி வந்தது என் நாத்தனார் மகளால். அவர்கள் பிரான்ஸில் இருக்கிறார்கள். எங்கள் பக்கம் 'சொல்தா வீடு' என்றால் எல்லோருக்கும் தெரியும், பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்தவர்கள் குடும்பம். நான் உல்லன் பின்னுவேன் என்று தெரிந்து, "அத்தை, எனக்கு ஜாஸ் காலத்து மாடலில் ஒரு ஸ்வெட்டர் பின்னித் தாங்க. முன்னாடி அந்தக் காலத்து வார்த்தை ஒண்ணு வரணும்" என்று கேட்டாள்.

ஜாஸ் என்றால் என்ன என்று அவளிடமே கேட்டேன். அமெரிக்காவில் கறுப்பின மக்களிடம் பிறந்த சங்கீதமாம். முதல் ஜாஸ் இசைத்தட்டு 1917-ல் வந்திருக்கிறது. மறு வருஷமே, முதல் உலகப் போருக்கு வந்த கறுப்பினச் சிப்பாய்களின் பேண்டு வாத்தியக் கோஷ்டி அதைப் பிரான்ஸில் ஊர் ஊராக வாசித்ததாம். அதே போருக்கு நம் புதுச்சேரியிலிருந்தும் சொல்தாக்கள் போனார்கள். கடற்கரையில் 1938-ல் திறந்த நினைவுச் சின்னம் அவர்களுக்காகத்தான். நம் ஊர்க்காரர் யாராவது அதைக் காதால் கேட்டிருப்பாரோ என்று ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அவள் வார்த்தைகளை எழுதி அனுப்பினாள். 'பூனையின் பைஜாமா', 'தேனீயின் முழங்கால்'. இரண்டுக்கும் ஒரே அர்த்தம்தான், பிரமாதம் என்று. 1920-களில் அமெரிக்க இளவட்டங்கள் அப்படித்தான் பேசினார்களாம். நாங்கள் எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். மூன்றாவது, 'சிரிப்புத் தண்ணி'. அவளுக்கு இதுதான் ரொம்பப் பிடித்திருந்தது. அமெரிக்காவில் 1920 முதல் 1933 வரை மதுவிலக்கு. அப்போது சாராயத்துக்கு வைத்த செல்லப் பெயர் அது.

நான் முடியாது என்றேன். "பழைய காலத்து வேடிக்கை அத்தை, இங்கே யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க" என்றாள். அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள், சரி. ஆனால் பின்னுகிற கை இங்கே இருக்கிறதே! எங்கள் பக்கத்துச் சாராயக் கடையில் சாயங்காலம் வந்து பார்த்தால் தெரியும், எத்தனை வீட்டுச் சிரிப்பு அங்கே போய்க் கரைகிறது என்று. கூலி வாங்கின கையோடு உள்ளே போகிற மனுஷனுக்காக வாசலில் பிள்ளையோடு காத்து நிற்கிற பெண்களை எனக்குப் பெயர் சொல்லித் தெரியும். அந்தத் தண்ணியின் பெயரை ஒவ்வொரு கண்ணியாக எண்ணி எண்ணி நான் எப்படிப் பின்னுவேன்?

அவளுக்குக் கொஞ்சம் வருத்தம்தான். நாலு நாள் பேசவில்லை. அப்புறம் அவளே பழைய போட்டோக்கள் அனுப்பினாள். அந்தக் காலத்து விளையாட்டு ஸ்வெட்டர்களில் வாக்கியமே கிடையாது, ஒரே ஒரு பெரிய எழுத்துதான். ஹார்வர்டு பல்கலைக்கழக பேஸ்பால் வீரர்கள் 1865-ல் ஆரம்பித்த வழக்கமாம். நமக்கும் சௌகரியம். அங்குலத்துக்கு ஐந்து கண்ணி வைத்தால் பத்தொன்பது அங்குல முன்பக்கத்துக்குத் தொண்ணூற்றைந்து கண்ணிதான் வரும். 'பூனையின் பைஜாமா' முழுசும் அதில் எங்கே அடங்கும்?

'பூனை' மட்டும் போடலாம், அதுவும் தமிழில், என்று தீர்மானமாயிற்று. கணக்கு நோட்டில் கட்டம் கட்டமாக வரைந்து கொண்டிருந்தேன். (பின்னும் தோழிகளுக்கு: கண்ணி உயரம் குறைவு, அகலம் அதிகம். நோட்டில் எழுத்தை ஒட்டடைக்குச்சி போல உயரமாக வரைந்தால்தான் துணியில் சரியாக வரும்.) பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் மாமியார், "பழைய காலத்து ஸ்வெட்டர்னு சொல்றே, எழுத்து புதுசா இருக்கே" என்றார். பென்சிலை வாங்கி, அவர் பள்ளிக்கூடத்தில் படித்த 'னை'யைப் போட்டுக் காட்டினார். முன்னால் தனிக் கொம்பு இல்லாமல், யானைத் தும்பிக்கை மாதிரி மேலே வளைந்த பழைய 'னை'. தமிழ்நாட்டில் 1978-ல் எழுத்துச் சீர்திருத்தம் வருவதற்கு முன் அச்சில் அப்படித்தான் இருந்தது.

போட்டோ எடுத்து அனுப்பினேன். "அத்தை, ஆயா எழுதினதையே வைங்க. பூனை வாலைத் தூக்கிட்டு நிக்கிற மாதிரியே இருக்கு!" என்றாள்.

இப்போது முதுகுப் பக்கம் முடிந்து, முன்பக்கம் பாதி வந்திருக்கிறது.

– ஒரு வாசகி, சோரியாங்குப்பம்