ஒரே பகலில் ஒன்பது இடங்களா?

வன்னியிலிருந்து முதன்முறையாகக் கொழும்பு பார்க்க வரும் மாணவர்களுக்கென ஆசிரிய நண்பரொருவர் வகுத்த பயண நிரலைக் கண்ணுற்றேன். ஒரே பகலில் ஒன்பது இடங்கள்! தாமரைக் கோபுரம், தெஹிவளை மிருகக்காட்சிச்சாலை, காலிமுகத்திடல், புறக்கோட்டைக் கடைத்தெரு என்று நீள்கிறது பட்டியல். தேசிய நூதனசாலை அதில் இல்லை. "நேரம் போதாது, பிள்ளைகளுக்கும் அலுப்பு" என்றார். பாதிப் பகல் வாகன நெரிசலிலேயே கழியும் என்பதை மட்டும் அவர் எண்ணிப் பார்க்கவில்லை.

1877 இல் திறக்கப்பட்ட அந்த நூதனசாலையில் ஒரு கல் இருக்கிறது. சீனக் கடற்தளபதி செங் ஹே கொண்டுவந்தது. 1911 இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. 1409 எனத் திகதியிடப்பட்ட அக்கல்லில் சீனமும் தமிழும் பாரசீகமும் ஒருங்கே பொறிக்கப்பட்டுள்ளன. ஆறு நூற்றாண்டுகளுக்கு முன்னர் கடல் கடந்து வந்தவர்கள் இத்தீவில் தமது செய்தியைச் சொல்லத் தமிழையும் தெரிந்தெடுத்தார்கள். தலைநகரில் தன் மொழியில் வாய்திறக்கத் தயங்குகின்ற பிள்ளைக்கு இதைவிட வேறெதைக் காட்டப்போகிறோம்?

கோபுரத்தில் ஏறட்டும், நான் தடுக்கவில்லை. ஆயினும் காலைப்பொழுது நூதனசாலைக்கே உரியது. பின்னேரம் காலிமுகத்திடலில் இறால் வடை வாங்கிக் கொடுக்கும்போது, 2022 இல் மக்கள் திரண்டு ஒரு ஜனாதிபதியைப் பதவி விலகவைத்த திடல் இதுவென்றும் சொல்லிக்கொடுங்கள். எஞ்சியவற்றை அடுத்த பயணத்துக்கு விடலாம்.

அந்த நிரலைக் கிழித்துவிட்டு மீண்டும் எழுதுங்கள், ஆசிரியரே!