கறுத்தால் செல்லாதா?

தெருமுனை மளிகைக் கடையில் போன வாரம் நடந்தது. எழுபது வயதிருக்கும் ஒரு மூதாட்டி, சுருக்குப்பையிலிருந்து மூன்று பத்து ரூபாய் நாணயங்களை எடுத்து வைத்தார். ஓரமெல்லாம் கறுத்து, ஒன்றில் பச்சை பூத்திருந்தது. "இது கள்ளக் காசு பாட்டி, செல்லாது" என்றார் கடைக்காரர். "உண்டியல்ல சேர்த்து வெச்சதுப்பா" என்று சொல்லிப் பார்த்தார். பலிக்கவில்லை. பால் பாக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்.

அந்தக் கறுப்புக்குக் காரணம் தாமிரம். பத்து ரூபாய் நாணயத்தின் வெளி வளையம் அலுமினிய வெண்கலம்; அதில் 92 சதவீதம் தாமிரம். காற்றுப் பட்டுப்பட்டுத் தாமிரம் மங்கிப் பழுப்பாகும். புகையிலும் சாக்கடைக் காற்றிலும் இருக்கும் கந்தகம் சேர்ந்தால் கறுக்கும். வியர்வை உப்பும் ஈரமும் சேர்ந்தால் பச்சை பிடிக்கும். தேய்க்காமல் விட்ட குத்துவிளக்குக்கு நேரும் அதே கதிதான்.

ஒரு ரூபாய் நாணயம் இப்படிக் கறுப்பதில்லை. 1992 முதல் அது துருப்பிடிக்காத எஃகில் வருகிறது: 83 சதவீதம் இரும்பு, 17 சதவீதம் குரோமியம். குரோமியம் காற்றோடு சேர்ந்து, கண்ணுக்குத் தெரியாத மெல்லிய படலமாக நாணயத்தை மூடிக் காக்கிறது.

புளி போட்டுத் தேய்த்தால் கறுப்பு போகுமே என்பீர்கள். போகும், சில நாளில் திரும்பவும் வரும். பழைய நாணயம் சேகரிப்பவர்கள் அதையும் செய்யக் கூடாது. தேய்த்த நாணயத்துக்கு அவர்களிடையே மதிப்புக் குறைவு.

சட்டம் என்ன சொல்கிறது? 2011-ம் ஆண்டு நாணயச் சட்டப்படி, சிதைக்கப்படாமலும் எடை குறையாமலும் இருக்கும்வரை நாணயம் செல்லும். வெட்டுவது, அராவுவது, முத்திரை குத்துவது போன்றவைதான் சிதைப்பது. புழக்கத்தில் வரும் இயல்பான தேய்மானம் அதில் சேராது. பத்து ரூபாய் நாணயம் 14 வடிவங்களில் வந்திருக்கிறது, எல்லாமே செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் அறிவித்தது. வடிவம் மாறியதும் நிறம் மாறியதும் சேர்ந்துதான் கடைக்காரர்களை மிரட்டுகின்றன போலும்.

இதையெல்லாம் அவரிடம் சொல்வதற்குள் மூதாட்டி தெருவைத் தாண்டியிருந்தார். கடைக்காரர் என் பாக்கியை எண்ணிக் கொடுத்தார். அதில் ஓர் ஐந்து ரூபாய் நாணயம், மஞ்சள் மங்கிப் பழுப்பேறியிருந்தது. அதிலும் முக்கால் பங்கு தாமிரம்தான். அதைக் கொடுக்கும்போது மட்டும் அவருக்குச் சந்தேகமே வரவில்லை.