பொருத்தமான வேலை கிடைத்தால் நீதி கிடைத்ததாகுமா?

லொயிஸ் லோரியின் ‘த கிவர்’ (1993) நாவலை வாசித்தவர்களில் கொஞ்சப்பேர் ஒரு வாதம் வைக்கினம்: “அந்தச் சமூகத்தில அப்பிடி என்ன அநியாயம்? பசி இல்லை, வேலையில்லாப் பிரச்சினை இல்லை. மூத்தோர் குழு ஒவ்வொரு பிள்ளையையும் வருசக்கணக்காக் கவனிச்சு, 12 வயசில ஆளுக்கேற்ற வேலையைக் குடுக்குது. இதை விட வேற என்ன நீதி வேணும்?”

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனால் பிழை. வேலை பிழையாகக் கொடுக்கப்பட்ட ஆளை வைத்து இதை மறுக்கத் தேவையில்லை. மிகச் சரியாகக் கொடுக்கப்பட்ட ஆளை வைத்தே மறுக்கலாம்.

ஜோனஸின் அப்பாவை எடுங்கோ. அவர் குழந்தைகளைப் பராமரிக்கிறவர். அதைவிடப் பொருத்தமான வேலை அவருக்கு இருக்கவே முடியாது. சரியாக வளராத கேப்ரியலைக் காப்பாற்ற வேணும் எண்டு வீட்டுக்கே கொண்டுவருகிறார். அதே மனுசன்தான் இரட்டைக் குழந்தைகளில் நிறை குறைந்ததைக் கொஞ்சிப் பேசியபடியே ஊசி போட்டுக் கொல்லுகிறார். அதற்கு அங்கே பெயர் ‘விடுவிப்பு’. அவர் கொடூரமானவர் இல்லை. அது அவருடைய வேலை, அவ்வளவுதான். பொருத்தம் நூறு வீதம், நீதி பூச்சியம்.

அம்மா நீதித் திணைக்களத்தில் வேலை செய்கிறார். இரண்டாவது தடவை குற்றம் செய்து வந்தவனை நினைத்து இரவுச் சாப்பாட்டில் கவலைப்படுகிறார். மூன்றாவது தடவை எண்டால் அவனுக்கும் விடுவிப்புத்தான். கவலைப்பட அவருக்கு அனுமதி இருக்கு. சட்டத்தையே கேள்வி கேட்பது அவருடைய வேலையில் இல்லை.

பிள்ளை பெறுவதற்கென்றே ஒதுக்கப்பட்ட பெண்களும் இருக்கினம். மூன்று பிள்ளைகள், பிறகு முதுமை வரைக்கும் உடலுழைப்பு. ஜோனஸின் தங்கச்சி லிலி அந்த வேலைக்கு ஆசைப்படும்போது, அதில மதிப்பு இல்லை எண்டு அம்மாவே தடுக்கிறார். எல்லா வேலையும் சமம் எண்டால் ஏன் அந்தப் பதற்றம்? இந்தச் சமூகத்தை நியாயம் எண்டு வாதாடுற ஆக்கள் தங்களை எப்பவும் ஜோனஸின் இடத்திலதான் வைத்துப் பார்க்கினம். அந்தப் பெண்ணின் இடத்தில் ஒருக்கா நிண்டு பாருங்கோ.

பிளேட்டோ தன் ‘குடியரசு’ நூலில் நீதி எண்டு சொன்னதும் கிட்டத்தட்ட இதுதான்: ஒவ்வொருவரும் தன் வேலையைச் செய்வது, மற்றவர் வேலையில் தலையிடாமல் இருப்பது. லோரியின் சமூகம் அதை அச்சொட்டாகச் செய்து காட்டுகிறது. விளைவு என்ன? கொலை பல துண்டாகப் பிரிந்துபோகிறது. விதி ஒரு பக்கம் தீர்மானிக்கும், ஒருவர் நிறை பார்த்து ஊசி போடுவார். முழுசாகப் பார்க்கிறதுக்கு ஆள் இல்லை.

யாரிடமும் எந்தக் கேள்வியும் கேட்கும் உரிமைகூட அங்கே ஒரு பதவிதான். ஜோனஸுக்கு அது நியமனத்தோடு சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. மற்ற எல்லோருக்கும் கேள்வி இல்லாத வாழ்க்கை.

அதனாலதான் ஜோனஸ் கேப்ரியலைத் தூக்கிக்கொண்டு ஓடுவது முக்கியம். அவன் அப்பாவின் வேலையில் தலையிடுகிறான், அம்மாவின் சட்டத்தை மீறுகிறான், குழுவின் முடிவை உடைக்கிறான். அந்தக் கதையில் நீதி எண்டு சொல்லக்கூடிய ஒரே செயல் அந்தத் தலையீடுதான்.

ஆகவே ‘ஆளுக்கேற்ற வேலை’ எண்டு யாராவது பெருமையாகச் சொன்னால், வேலை பொருந்துதா எண்டு மட்டும் கேட்டுவிட்டு நிற்காதேங்கோ. அந்த ஆள் ‘ஏலாது’ எண்டு சொன்னால் என்ன நடக்கும் எண்டு கேளுங்கோ.