ரீப்ளே தந்த மனிதர்

ஜனவரி 18, டொனி வேர்னா மறைந்த நாள். 2015 இல், 81 ஆவது வயதில் கலிபோர்னியாவில் காலமானார். யார் இவர் என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், அவர் கெமராவுக்கு முன்னால் வந்தவரல்ல. ஆனால் கிரிக்கட் பார்க்கும்போது "கொஞ்சம் பொறுங்க, ரீப்ளே போடுவான்" என்கிறோமே, அந்த ரீப்ளேயை நேரடி ஒளிபரப்பில் முதன்முதலாகப் போட்டுக் காட்டிய தொலைக்காட்சி இயக்குநர் அவர்தான்.

1963 டிசம்பர் 7. அமெரிக்க இராணுவக் கல்லூரிக்கும் கடற்படைக் கல்லூரிக்கும் இடையில் பிலடெல்பியாவில் ஃபுட்போல் போட்டி. (நம்முடைய உதைபந்தாட்டம் அல்ல, பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிற, றக்பிக்குச் சொந்தக்கார விளையாட்டு.) கென்னடி கொல்லப்பட்டதால் பிற்போடப்பட்டிருந்த போட்டி அது. சி.பி.எஸ். தொலைக்காட்சிக்காக அதை இயக்கிய வேர்னாவுக்கு அப்போது வயது 30.

அன்றைய வீடியோ டேப் இயந்திரம் 500 கிலோவுக்கும் அதிகம். ஸ்டூடியோவில் இருக்க வேண்டிய அதை மைதானத்துக்கே கொண்டுவரச் செய்தார். அதைவிடப் பெரிய சிக்கல், டேப்பைப் பின்னால் சுற்றினால் வேண்டிய இடம் எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்க வழியில்லை. டேப்பின் ஒலித்தடத்தில் 'பீப்' சத்தங்களைப் பதியவைத்து, அதைக் காதால் கேட்டு இடத்தைப் பிடித்தார். கருவி இல்லாத இடத்தில் காதையே கருவியாக்கிய இந்த யோசனையை விஞ்ஞானப் பாடத்தில் தாராளமாகச் சொல்லிக்கொடுக்கலாம்.

அன்று பலமுறை முயன்றும் சரிவரவில்லை. ஏற்கெனவே பாவித்த டேப் என்பதால் பழைய படங்கள் வந்து நின்றன. கடைசிக் கால்பகுதியில் ஒரே ஒரு தடவை சரியாக ஓடியது. பார்த்தவர்கள் இராணுவக் கல்லூரி மீண்டும் புள்ளி எடுத்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாதே! இது நேரடிக் காட்சி அல்ல என்று வர்ணனையாளர் விளக்க வேண்டியிருந்தது.

அந்த ஒரு தடவையிலிருந்து நீண்ட கயிறு நம் நாடுவரை வருகிறது. மூன்றாம் நடுவர் என்ற யோசனையை முன்வைத்தவர் இலங்கையரான மஹிந்த விஜேசிங்க. 1992 இல் டர்பனில் அந்த முறையில் முதலில் ஆட்டமிழந்தவர் சச்சின் டெண்டுல்கர். வீரர்களே மேன்முறையீடு செய்யும் டி.ஆர்.எஸ். முறை டெஸ்டில் முதலில் பரீட்சிக்கப்பட்டதும் கொழும்பு எஸ்.எஸ்.சி. மைதானத்தில்தான், 2008 இல்.

இவ்வளவு வந்த பிறகும் ஒன்று மாறவில்லை. மூன்றாம் நடுவரின் பெயர் திரையில் வருகிறது. அவருக்கு எந்தக் கோணத்துப் படத்தைக் கொடுப்பது என்று வேனுக்குள் இருந்து நொடிக்கு நொடி தீர்மானிக்கும் இயக்குநரின் பெயர் நமக்குத் தெரியாது. ஒரு கோணம் தவறினால் ஒரு வீரனின் இன்னிங்ஸ் முடிந்துவிடும். அவ்வளவு பொறுப்புள்ளவரின் பெயரைப் போட்டி தொடங்கும்போதே ஒருமுறை சொன்னால் என்ன குறைந்துவிடும்?

தொலைக்காட்சிக்காரரை மட்டும் குறை சொல்வானேன். பாடசாலைகளில் இல்ல விளையாட்டுப் போட்டிகள் நடக்கும் காலம் இது. பிரதம அதிதிக்குப் பொன்னாடை உண்டு, நன்றியுரையில் அரைப் பக்கம் உண்டு. விடியற்காலை சுண்ணாம்பு வாளியோடு ஓடுபாதைக்குக் கோடு போட்ட பிள்ளைகளும், வெயிலில் ஒலிபெருக்கி வயரைக் காவல்காத்த பையனும் "ஏனைய அனைவருக்கும்" என்ற ஒரு சொல்லுக்குள் போய்விடுகிறார்கள். நன்றியுரை எழுதப்போகும் ஆசிரியர்களே, இம்முறை அந்தப் பெயர்களை இப்போதே கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.