சோடா வைத்தியர்கள்

வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி நடக்க வருகிறவர்களில் பாதிப்பேர் வாயு வைத்தியர்கள். நெஞ்சில் பிடிப்பா? "உப்பு போட்டு ஒரு கோலி சோடா அடிங்கண்ணே, ஏப்பம் வந்தா சரியாப் போயிரும்!"

அந்த ஏப்பம் யாருடைய காற்று என்று எவரும் கேட்பதில்லை. சோடாவின் காற்றுதான் ஐயா! அழுத்தம் கொடுத்துத் தண்ணீரில் கரைத்த கரியமில வாயு. நன்றாக அடைத்த 200 மில்லி சோடாவில் அரை லிட்டருக்கு மேல் இருக்கும். 650 மில்லி பீர் பாட்டிலில் சுமார் ஒன்றரை லிட்டர். உள்ளே போனது வெளியே வருகிறது, அவ்வளவே.

உப்பு என்ன செய்கிறது? ரசாயனம் ஒன்றும் இல்லை. குமிழி பிறக்க ஓர் இடம் வேண்டும். உப்பின் சொரசொரப்பும் அதில் சிக்கிய காற்றும் அந்த இடம். வைகை மணலைப் போட்டாலும் பொங்கும் (மணல் மிச்சமிருந்தால்!). புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த புண்ணியத்தில் லிழே-பெலேர் எழுதியதைப் படித்தேன். பிரான்சில் ஷாம்பெயின் குமிழிகளையே ஆராய்கிறவர். கோப்பையில் ஒட்டிய நுண்ணிய நாரிழையிலிருந்து குமிழி கிளம்புவதைப் படமெடுத்துக் காட்டியிருக்கிறார்.

மாரடைப்பு இதயத்தின் ரத்தக்குழாயில் வருகிற அடைப்பு. ஏப்பத்துக்கு அங்கே என்ன வேலை? நெஞ்சு அழுத்தி வியர்த்தால் கூப்பிட வேண்டியது 108ஐ.

எங்கள் தெருக்காரர் ஒருவர் இரவு இரண்டு சோடா குடித்தார். ஏப்பமும் வந்தது, "கேஸ்தான்" என்று படுத்தார். விடியவில்லை அவருக்கு. பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களுக்கும் சோடாதான் கொடுத்தார்கள்.