சந்து விடுங்க சார்!

வாசல்ல வெள்ளைக் கல் பதிக்கிற எல்லாருக்கும் ஒரே ஆசைதான்: "ரெண்டு கல்லுக்கு நடுவுல கேப்பே தெரியக் கூடாது." இந்த ஒரு வாக்கியத்தைத் திட்டத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் காட்டமா இருக்கும், முன்னாடியே சொல்லிடறேன்.

காலையில பார்டர் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போய் ஆணி புடுங்கிட்டு, ராத்திரி ஜூஜுவாடிக்குத் திரும்பி வர்ற ஜாதி நான். எங்க ஏரியாவுல புது வீடு கட்டுற ஆளுங்க நிறையப் பேரு என்னை மாதிரி பொட்டி தட்டுறவங்கதான். வாசலுக்கு தேவனஹள்ளிப் பக்கத்து சாதரஹள்ளிக் கல், இல்லைன்னா தெலங்கானா தாண்டூர் மஞ்சள் கல், அதுவும் இல்லைன்னா வெளிர் கலர் கான்கிரீட் டைல். தேர்வு சரிதான். வெளிர் கல் கறுப்புக் கல் அளவுக்குச் சுடாது. கோயில் பிராகாரத்துல நடக்கிற பாதைக்கு வெள்ளைப் பெயின்ட் அடிக்கிறதும் அதுக்குத்தானே.

தப்பு கல்லுல இல்லை, சந்துல இருக்கு.

எங்க தெருவுல ஒரு வீடு. மேஸ்திரி தெளிவா சொன்னாரு, "சார், ரெண்டு நூல் கேப் விட்டுக்கறேன் சார்." ஓனர், "அதெல்லாம் வேணாம், ஒரே பாளமாத் தெரியணும்"னுட்டாரு. முதல் வெயில் காலத்துலயே நடுவுல நாலு கல்லு தூக்கிடுச்சு. மேல நடந்தா டொக்கு டொக்குனு சத்தம். ஓனர் என்ன பண்ணாரு? "வேலை சரியில்லை"னு மேஸ்திரியோட பாக்கி காசை நிறுத்திட்டாரு!

மக்களே, இது நம்ம ஆபீஸ் கதைதான். எக்ஸெப்ஷன் ஹேண்ட்லிங் எழுத டயம் தர மாட்டேன்னு சொன்ன மேனேஜரே, புரொடக்‌ஷன்ல வெடிச்சதும் நம்மளைக் கூப்பிட்டு ரூட் காஸ் கேட்பாரே, அதே கதை. ரிக்வயர்மென்ட் கொடுத்தது யாருங்க?

சரி, கணக்குக்கு வருவோம். கிரானைட் ஒரு டிகிரிக்கு நீளத்துல சுமார் பத்து லட்சத்துல எட்டுப் பங்கு விரியும். 20 அடி வாசல்ல, விடிகாலைக் குளிருக்கும் மத்தியான வெயிலுக்கும் கல்லோட சூடு 30 டிகிரி மாறுதுன்னு வைங்க. சுமார் ஒன்றரை மில்லிமீட்டர் விரியும். கான்கிரீட் டைல்னா இன்னும் கொஞ்சம் கூட. ஓசூர்ல ராத்திரிக் குளிரும் பகல் வெயிலும் எப்படின்னு இங்க இருக்கிறவங்களுக்குச் சொல்லணுமா? நாலு பக்கமும் சுவர், நடுவுல சந்து இல்லை, அந்த ஒன்றரை மில்லிமீட்டர் எங்க போகும்? மேலதான் போகும்.

"கேப் விட்டா அசிங்கமா இருக்கும்"னு சொல்றவங்களுக்கு இன்னொரு கணக்கு. 20க்கு 16 அடி வாசல், ரெண்டுக்கு ரெண்டு கல்லு 80. உள்ளே வர்ற சந்தோட மொத்த நீளம் 284 அடி. ரெண்டு நூல், அதாவது 6 மில்லிமீட்டர் விட்டாலும் சந்தோட பரப்பு ஆறு சதுர அடி கூட வராது. 320 சதுர அடியில ஆறு! அதுவும் இயற்கைக் கல்லு எல்லாமே அச்சு அசலா ஒரே அளவுல வராது. ஒண்ணு ரெண்டு மில்லிமீட்டர் முன்ன பின்ன இருக்கும். அந்த வித்தியாசத்தை முழுங்கிக்கிறதே சந்துதான். அது இல்லாம ஒட்டி ஒட்டிப் போட்டா, எட்டாவது வரிசையில கோடு பாம்பு மாதிரி நெளியும்.

"புல் முளைக்கும், எறும்பு வரும்." சந்தை மேலாக்க வெள்ளை சிமெண்டால தடவி விட்டா வரும்தான். அது சுருங்கி வெடிச்சு, மழைத்தண்ணியும் உள்ள போகும். சந்தை அடி வரைக்கும் கலவையால நல்லா அமுக்கி அடைக்கணும். சுவர் ஓரத்துலயும், பத்துப் பன்னிரண்டு அடிக்கு ஒரு தடவையும் இழுபடற சீலன்ட் போடணும். அவ்வளவுதான் விஷயம்.

மேஸ்திரிங்களுக்கும் ரெண்டு வார்த்தை. நாலு மூலை, நடுவுல ஒண்ணுன்னு அஞ்சு உருண்டை கலவை வெச்சு கல்லை உக்கார வைக்கிறீங்களே, அது வெளிர் கல்லுல காட்டிக் கொடுத்துடும்ணே. உருண்டை இருக்கிற இடம் ஒரு மாதிரி, காலியா இருக்கிற இடம் ஒரு மாதிரி ஈரம் காயும். மழை விட்டதும் கல்லுக்குக் கல்லு அஞ்சு புள்ளி. அடியில இருக்கிற பள்ளத்துல தண்ணி நின்னா, சிமெண்ட்ல இருக்கிற சுண்ணாம்பு கரைஞ்சு மேல வந்து உப்பாப் பூக்கும். கலவையை முழுசா விரிச்சு, சிமெண்ட் பால் ஊத்தி, ரப்பர் சுத்தியால தட்டி உக்கார வைங்க. பத்தடிக்கு ஒன்றரை இன்ச் வாட்டமும் குடுங்க.

உப்புப் பூத்ததும் ஆசிட் பாட்டிலைத் தூக்கிட்டு ஓடற ஓனர்களே, தாண்டூர் சுண்ணாம்புக் கல். ஆசிட் ஊத்தினா நுரைக்கிறது அழுக்கு மட்டும் இல்லை, நீங்க காசு குடுத்து வாங்கின கல்லும்தான்.

ஆனா சதுர அடிக்கு இவ்வளவுன்னு ரேட்டை அடிச்சுப் பேசி, மூணு நாள் வேலையை ஒரு நாள்ல முடிக்கச் சொன்னா, அஞ்சு உருண்டைதான் கிடைக்கும். இன்ஜினியரிங் படிச்ச நாம கல்லு விரியும்னு தெரிஞ்சுக்கிட்டே சந்து வேணாம்னு சொல்றோம். பள்ளிக்கூடத்தைப் பாதியில விட்ட மேஸ்திரி வேணும்ங்கிறாரு. இதுல யாரு இன்ஜினியர்?

அந்த மேஸ்திரியோட பாக்கியைக் குடுத்துடுங்க சார். அவரு கேட்டது ரெண்டு நூல்தான்.

டிஸ்கி: "எங்க வீட்டுல கேப் இல்லாமப் போட்டு ஒண்ணும் ஆகலையே"ன்னு பின்னூட்டம் போட வர்றவங்க, முதல்ல ஒரு காசை எடுத்து ஒவ்வொரு கல்லாத் தட்டிப் பாத்துட்டு வாங்க. அப்புறம் கும்மி அடிக்கலாம்.