பொண்டின் மெட்டும் வில்லனின் முகமும்

ஜேம்ஸ் பொண்ட் ரசிகர்களுக்குள் இரண்டு சண்டைகள் ஓய்வதேயில்லை. இசையில் பெரியவர் யார் என்பது ஒன்று. வில்லன்களில் பெரியவன் யார் என்பது மற்றது. எங்கள் ஆசிரியர் ஓய்வறையிலும் இந்தச் சண்டை நடக்கிறது. பதினொரு படங்களுக்கு இசையமைத்த ஜோன் பரிக்கு நிகர் எவருமில்லை என்பார் விஞ்ஞான ஆசிரியர். 1997 முதல் 2008 வரை ஐந்து படங்களுக்கு இசையமைத்த டேவிட் ஆர்னோல்ட்தான் பரிக்கே மறுவாழ்வு கொடுத்தவர் என்பார் எங்களைவிட இளைய ஒருவர். பிறகு பேச்சு கோல்ட்பிங்கருக்கும் புளோபெல்டுக்கும் தாவும். தேநீர் ஆறிப்போகும். மணி அடிக்கும். தீர்ப்பின்றிக் கலைவோம்.

ஒருநாள் நான் வாயைத் திறந்து, இவை இரண்டும் ஒரே சண்டைதான் என்றேன். "நீங்க எல்லாத்திலயும் அரசியல் பாக்கிறீங்க சேர். இசைய இசையாக் கேளுங்க, வில்லன வில்லனாப் பாருங்க" என்றார் விஞ்ஞான ஆசிரியர். அன்று பதில் சொல்ல நேரம் இருக்கவில்லை. இங்கே சொல்கிறேன்.

முதலில் அந்த மெட்டை எடுத்துக்கொள்வோம். 1962 இல் 'டொக்டர் நோ' படத்தில், விக் ஃபிளிக் என்பவரின் கிற்றாரில் ஒலித்த மெட்டு அது. அதை உருவாக்கிய மொன்டி நோர்மன் முதலில் அதைப் பொண்டுக்காகப் போடவில்லை. வி.எஸ். நைபோலின் 'எ ஹவுஸ் ஃபோர் மிஸ்டர் பிஸ்வாஸ்' நாவல் 1961 இல் வெளிவந்தது. அதை இசைநாடகமாக்கும் எண்ணத்தில் அவர் போட்டுவைத்த பாட்டு ஒன்று இருந்தது. கெட்ட சகுனம், நல்ல சகுனம் என்பதே அதன் தலைப்பு. நாடகம் கைகூடாமற்போக, பாட்டு மேசை லாச்சிக்குள் கிடந்தது. சித்தாரில் வாசிக்கத் தோதான அந்த மெட்டைத்தான் நோர்மன் பின்னர் வெளியே எடுத்துக் கிற்றாருக்கு மாற்றினார். பரி அதற்குப் பித்தளை வாத்தியங்களைச் சேர்த்து மெருகூட்டினார்.

யார் இந்த பிஸ்வாஸ்? டிரினிடாட் தீவின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்ட இந்தியரின் வழிவந்தவன். தலைகீழாகப் பிறந்தவன். கையில் ஆறு விரல். இவன் குடும்பத்துக்கு ஆகாதவன், இவன் தும்மலே கெட்ட சகுனம் என்று பண்டிதர் சொல்லிவிடுகிறார். பிறந்த அன்றே உடம்பில் குற்றம் எழுதப்பட்ட ஒருவன். நோர்மனின் பாட்டும் அந்தத் தும்மலைப் பற்றியதுதான்.

மெட்டின் உரிமை பரிக்கா நோர்மனுக்கா என்பது பற்றி ரசிகர்கள் மணிக்கணக்காகக் கதைப்பார்கள். 'சண்டே டைம்ஸ்' பத்திரிகைக்கு எதிரான அவதூறு வழக்கில் 2001 இல் நோர்மன் வென்று 30,000 பவுண் நட்டஈடு பெற்றதையும் சொல்வார்கள். ஆறு விரல்காரனை மட்டும் ஒருவரும் சொல்வதில்லை.

இனி வில்லன்களைப் பாருங்கள். டொக்டர் நோவுக்குக் கைகள் இரும்பு. 1963 இலும் 1965 இலும் பூனையைத் தடவும் கைகளாக மட்டுமே தெரிந்த புளோபெல்ட், 1967 இல் முகம் காட்டுகிறான். கண்ணின்மேல் நீண்ட தழும்பு. 1973 இல் டீ ஹீக்குக் கொக்கிக் கை. 1974 இல் ஸ்கரமங்காவுக்கு மூன்றாவது முலைக்காம்பு. 1977 இல் ஜோஸுக்கு உருக்குப் பல். 1995 இல் வில்லனாகும் முன்னாள் 006 க்கும் முகத்தில் தழும்பு. 2006 இல் லு ஷீஃபுக்குக் கண்ணிலிருந்து இரத்தம். பிஸ்வாஸின் மெட்டைக் கழற்றிக் கதாநாயகனுக்கு மாட்டினார்கள். அவனுடைய ஆறாம் விரலை வில்லன்களுக்குப் பங்குபோட்டுக் கொடுத்தார்கள். இதைத் திட்டமிட்டுச் செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. திட்டமே தேவைப்படாத அளவுக்கு அது அவர்களுக்குப் பழகிப்போயிருந்தது என்கிறேன்.

கோல்ட்பிங்கருக்கு என்ன தழும்பு என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அவனுக்குத் தழும்பில்லை. அதனால்தான் 1964 இல் ஷேர்லி பெஸி படத்தின் தொடக்கத்திலேயே அவனைப் பற்றி முழுப் பாட்டொன்று பாடி நம்மை எச்சரிக்க வேண்டியிருந்தது. உடம்பில் குறி இல்லாதபோது இசை வந்து குறி வைக்கிறது. அந்தக் கிற்றார் ஒலித்தால் இவன் சாகமாட்டான் என்று தெம்பு கொள்கிறோம். தந்திவாத்தியங்கள் கீழிறங்கி முனகினால், ஆளைப் பார்க்க முன்பே வெறுக்கத் தயாராகிறோம். இசையும் வில்லனும் ஒரே சண்டை என்று நான் சொன்னது இதைத்தான். 2008 இல் தழும்பேதுமில்லாத, சாதாரண வியாபாரி முகத்துடன் டொமினிக் கிரீன் வந்தான். ஒரு நாட்டின் தண்ணீரையே திருட வந்தவன். அவனைச் சோடை வில்லன் என்று ஒதுக்கும் ரசிகர்களே அதிகம். எங்கள் ஓய்வறையிலும் அதே தீர்ப்புத்தான். நல்ல சட்டை போட்டவன் தண்ணீரைத் திருடினால் அது குற்றமாகத் தெரியாது போலும்.

முகத்தில் தழும்புள்ளவர்களின் பிரசாரத்தைத் தொடர்ந்து, தழும்பை வில்லத்தனத்தின் அடையாளமாகக் காட்டும் படங்களுக்கு இனி நிதி தருவதில்லை என்று பிரிட்டிஷ் திரைப்பட நிறுவனம் 2018 இல் அறிவித்தது. 2021 இல் வந்த 'நோ டைம் டு டை' படத்துக்கு அந்த நிதி தேவைப்படவில்லை. அதில் வில்லனாக நடித்த ரமி மலெக் எகிப்திய வம்சாவளியினர். மதத்தை வைத்தோ அரபு மொழியை வைத்தோ இவனைப் பயங்கரவாதியாக்கக் கூடாது என்று இயக்குநரிடம் கேட்டுக்கொண்டுதான் ஒப்புக்கொண்டதாகச் சொன்னார். அதற்காக அவரைப் பாராட்டுகிறேன். மதமும் மொழியும் தப்பின. முகம் தப்பவில்லை. அந்த வில்லனுக்கும் தழும்புத் தோல்தான்.

'ஒக்டோபுசி' (1983) பற்றி ஒன்று சொல்லியே ஆகவேண்டும். நாடு கடத்தப்பட்ட ஆப்கான் இளவரசன் கமால் கானாக நடித்தவர் பிரெஞ்சு நடிகர் லூயி ஜோர்டான். அதை விடுங்கள். இந்தியாவில் வந்திறங்கும் ரொஜர் மூருக்கு அடையாளம் காட்டுவதற்காக, பாம்பாட்டி வேடத்திலுள்ள உளவாளி ஒருவன் மகுடியில் பொண்டின் மெட்டையே ஊதுகிறான். நடித்தவர் டெனிஸ் வீரர் விஜய் அமிர்தராஜ். சென்னைக்காரர், தமிழர். இந்தியனுக்காகப் போட்ட மெட்டு இருபது வருடம் கழித்து ஓர் இந்தியன் வாய்க்குத் திரும்பி வந்தது. வந்ததும் சிரிப்பதற்காகத்தான். கொஞ்ச நேரத்தில் அவனைக் கொன்றும்விடுகிறார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் எங்களூரில் வாடகை டெக்கில் 'டொக்டர் நோ' போட்டார்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் இருந்தான். சிறுவயதில் குப்பிலாம்பு கவிழ்ந்து வலக்கை விரல்கள் ஒட்டிப்போனவன். மறுநாள் காலையிலேயே அவனுக்கு டொக்டர் நோ என்று பெயர் வந்துவிட்டது. அவன் வகுப்புக்குள் நுழையும்போது பின்வாங்கிலிருந்து வில்லனுக்குரிய இசையை வாயால் போடுவோம். 'போடுவார்கள்' என்று எழுதத்தான் முதலில் பேனா போனது. திருத்தியிருக்கிறேன். அந்த இசையை நன்றாகப் போடுபவன் நானே. பொண்டின் மெட்டு யாருக்கு என்பதில் எங்களுக்குள் அடிதடி. அவனுக்கு அது ஒருநாளும் கிடைக்கவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு அவன் வரவில்லை. கையால் எழுதச் சுணங்கியதால் என்று வீட்டார் சொன்னார்கள். நாங்களும் அதையே நம்பிக்கொண்டோம்.

அண்மையில் ஒரு கலியாண வீட்டில் சந்தித்தேன். ஸலாம் சொன்னான். பிள்ளைகளைப் பற்றி விசாரித்தான். கதைத்து முடியும்வரை வலக்கை சட்டைப்பைக்குள்ளேயே இருந்தது.

அடுத்த பொண்ட் படத்தை டெனி வில்லெனுவ் இயக்குவார் என்று 2025 இல் அறிவித்தார்கள். இசை யார், வில்லன் யார் என்று ஓய்வறையில் பந்தயம் தொடங்கிவிட்டது. இந்த இதழ் வந்ததும் விஞ்ஞான ஆசிரியரின் மேசையில் ஒரு பிரதி வைப்பேன்.